பாட்டைக் கேட்கலாமா, கூடாதா? பால் ரோப்சனின் கதை

போன செமஸ்டரில் நடந்தது. சனிக்கிழமை ராத்திரி எங்க ஹாஸ்டல் டிவி ரூமில் ஒரு படம் போடுவதாக முடிவாகியிருந்தது. அந்தப் படத்தோட ஹீரோ ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் ஒரு மேடையில் அரசியல் பேசி, பாதிப் பேருக்கு பிபி ஏத்தியிருந்தார். இந்தாளு படத்தை இங்க போடவே கூடாது என்று ஒருத்தன் கிளப்பினான். கை தூக்கச் சொன்னார்கள். போடக்கூடாது என்று தூக்கிய கைகளில் என் கையும் ஒண்ணு. படம் நின்றது. அந்தப் படத்துக்காகவே வீக்எண்டுக்கு ஊருக்குப் போகாமல் இருந்த ஒரு ஜூனியர் பையன், ஒண்ணும் பேசாமல் எழுந்து ரூமுக்குப் போயிட்டான்.

உங்களுக்கும் இப்படி ஒரு லிஸ்ட் இருக்கும். இவர் பாட்டைக் கேட்க மாட்டேன், அவர் படத்துக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று. தப்பில்லை. ஆனா அந்த லிஸ்ட் எதுவரைக்கும் போகலாம்? இந்தக் கேள்விக்கு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஒரு மனுஷனோட வாழ்க்கை. பேர் பால் ரோப்சன். அமெரிக்கப் பாடகர், நடிகர். இறந்து ஐம்பது வருஷம் ஆகிறது. கொஞ்சம் பொறுமையா படிங்க. இவர் முழுக்க நல்லவரும் இல்லை, வில்லனும் இல்லை. அதனாலதான் இவர் கதையை எடுத்தேன்.

1898 ஏப்ரல் 9-ம் தேதி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் பிறந்தார். அப்பா அடிமையாகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே தப்பி ஓடி, படித்து, பிற்பாடு சர்ச்சில் போதகரானவர். பாலுக்கு ஆறு வயது நிறையும் முன்பே வீட்டு அடுப்பிலிருந்து உடையில் தீப்பிடித்து அம்மா இறந்துபோனார்.

1915-ல் ரட்கர்ஸ் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே இவர் மூன்றாவது கறுப்பின மாணவர். ஃபுட்பால் டீமில் சேரப் போன முதல் நாளே, சக மாணவர்கள் மூக்கை உடைத்து அனுப்பினார்கள். திரும்பிப் போய் ஆடினார். 1916-ல் வாஷிங்டன் அண்ட் லீ என்ற கல்லூரி டீம், ஒரு கறுப்பர் இருக்கும் அணியோடு ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ரட்கர்ஸ் நிர்வாகம் பணிந்து, இவரை வெளியே உட்கார வைத்தது. அதாவது, பாய்காட் என்றால் என்ன என்பது இவருக்குப் பதினெட்டு வயதிலேயே தெரியும். பேசிய அரசியலுக்காக இல்லை, பிறந்த தோலுக்காக. இருந்தும் 1917, 1918 இரண்டு வருஷமும் அமெரிக்காவின் தலைசிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் இடம்பிடித்தார். படிப்பிலும் கெட்டி. 1919 பட்டமளிப்பு விழாவில் வகுப்பின் சார்பில் உரையாற்றியது இவர்தான்.

அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம். 1923-ல் பட்டம் வாங்கி ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார ஸ்டெனோ, கறுப்பர் சொல்வதை எழுத மாட்டேன் என்று மறுத்தார். ரோப்சன் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

அதுக்கப்புறம் எல்லாமே ஏறுமுகம்தான். 1924-ல் யூஜின் ஓநீலின் நாடகங்களில் நாயகன். 1925-ல் பியானோ கலைஞர் லாரன்ஸ் பிரவுனோடு சேர்ந்து, அடிமைகளாக இருந்த மக்களின் பக்திப் பாடல்களை மட்டுமே வைத்து ஒரு முழுக் கச்சேரி செய்தார். 1928-ல் லண்டனில் ஷோ போட் இசை நாடகம். அதில் ஒரு கூலித் தொழிலாளி மிசிசிப்பி ஆற்றைப் பார்த்துப் பாடும் பாட்டு, வாழ்நாள் முழுக்க இவரோட அடையாளமாகிவிட்டது. அசாமின் பூபேன் ஹசாரிகா கேள்விப்பட்டிருப்பீங்க. நியூயார்க்கில் படிக்கும்போது ரோப்சனோடு பழகியவர். அந்தப் பாட்டின் தாக்கத்தில்தான் பிரம்மபுத்திராவைப் பார்த்துக் கேள்வி கேட்கும் தன் பாட்டை எழுதினார்.

1930-ல் லண்டனில் ஒதெல்லோவாக நடித்தார். 1943-ல் அதே வேடம் நியூயார்க் பிராட்வேயில். 296 காட்சிகள் ஓடியது. அங்கே எந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அதுவரை அவ்வளவு நாள் ஓடியதில்லை.

இவரோட அரசியல் எங்கிருந்து வந்தது? லண்டனில் இருந்தபோது வேலையிழந்து ஊர்வலம் வந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களைத் தெருவில் பார்த்து அவர்களோடு சேர்ந்து நடந்தார். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. 1935-ல் சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர் என்ற படத்தில் நடித்தார். ஆப்பிரிக்கப் பண்பாட்டை மதிப்பாகக் காட்டும் படம் என்று நம்பித்தான் நடித்தார். படம் முடிந்து வந்தபோது அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குத் துதி பாடும் படமாக இருந்தது. அந்தப் படத்தை அவரே பிற்பாடு ஒதுக்கித் தள்ளினார். 1938-ல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குப் போய், பாசிசத்தை எதிர்த்துச் சண்டை போட்ட வீரர்களுக்குப் பாடினார்.

இடையில் 1934-ல் சோவியத் யூனியனுக்குப் போயிருந்தார். அங்கே தெருவில் யாரும் இவரைத் தோல் நிறத்தை வைத்து ஒதுக்கவில்லை. முதல்முறையாக முழு மனிதனாக நடத்தப்பட்டதாக உணர்ந்தார். அந்த நன்றி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. அவர் செய்த பெரிய தவறும் அந்த நன்றியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஊருக்குத் திரும்பிய ரோப்சன், தானே பாய்காட் செய்த ஒரு விஷயத்தையும் சொல்லணும். கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் தனித்தனியா உட்கார வைக்கும் தியேட்டர்களில் ஒதெல்லோ நடக்காது என்று நிபந்தனை போட்டார். 1942-ல் கான்சாஸ் சிட்டியில் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டம் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருப்பதைக் கவனித்தார். கச்சேரியை நிறுத்தி, இதை எதிர்க்கிறேன் என்று மேடையிலேயே அறிவித்துவிட்டுத்தான் மீதியைப் பாடினார். கொஞ்சம் வெள்ளைக்காரர்கள் எழுந்து போனார்கள். போகட்டும். அது அவர்கள் உரிமை. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவேன்.

1946-ல் கறுப்பர்களைக் கும்பலாக அடித்துக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டு ஜனாதிபதி ட்ரூமனைப் போய்ப் பார்த்தார். ட்ரூமன் இது நேரமில்லை என்று கைவிரித்தார். அதற்குள் அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் பனிப்போர் ஆரம்பித்துவிட்டது. சோவியத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாலே துரோகி.

1949 ஏப்ரலில் பாரிஸில் ஒரு அமைதி மாநாடு. ரோப்சன் பேசினார். அமெரிக்கக் கறுப்பர்கள் சோவியத்துக்கு எதிராகப் போரிடுவதை நினைத்தே பார்க்க முடியாது என்று அவர் சொன்னதாக, பேசியதைவிடக் கடுமையான வடிவில் செய்தி அமெரிக்காவுக்குப் போனது. அவ்வளவுதான். ஏற்கனவே ஒப்பந்தமான சுமார் 85 கச்சேரிகள் ரத்தாயின.

பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனை நாடாளுமன்ற விசாரணைக் குழு அழைத்து, ரோப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தது. இதில் ஒரு வேதனை இருக்கு. வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த பெரிய லீக்கில் கறுப்பர்களைச் சேருங்கள் என்று 1943-ல் கமிஷனரையும் டீம் முதலாளிகளையும் நேரில் பார்த்து வாதாடியவர் ரோப்சன். 1947-ல் அந்தக் கதவு திறந்தபோது உள்ளே போனவர் ராபின்சன். ஆனாலும் ராபின்சன் அநாகரிகமாகப் பேசவில்லை. ரோப்சனின் கருத்தை மறுத்தார், அதே மூச்சில் நிறவெறி நிஜம் என்றும் சொன்னார். பல வருஷம் கழித்துத் தன் சுயசரிதையில், ரோப்சன் மீது தனக்கு மரியாதை கூடியிருப்பதாக எழுதினார்.

எல்லோரும் அப்படி நாகரிகமாக எதிர்க்கவில்லை. 1949 ஆகஸ்ட் 27. நியூயார்க் அருகே பீக்ஸ்கில் என்ற ஊரில் திறந்தவெளிக் கச்சேரி. சிவில் ரைட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காக. அது கம்யூனிஸ்டுகளின் முகமூடி என்று பலர் நினைத்தார்கள். ஒரு கும்பல் வழியை மறித்து, வந்தவர்களை அடித்து, நாற்காலிகளைக் கொளுத்தியது. ரோப்சனால் மேடைக்கே போக முடியவில்லை. செப்டம்பர் 4-ம் தேதி மறுபடி நடத்தினார்கள். சுமார் 20,000 பேர் வந்தார்கள். தொழிற்சங்க ஆட்கள் தோளோடு தோள் சேர்த்து மைதானத்தைச் சுற்றி மனிதச் சுவராக நின்றார்கள். ரோப்சன் பாடினார். கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் கார்கள் மீதும் பஸ்கள் மீதும் மைல் கணக்கில் கல் மழை. சுமார் 140 பேருக்குக் காயம். அன்று மேடையேறிய இன்னொரு பாடகர் பீட் சீகர், தன் காருக்குள் வந்து விழுந்த கற்களில் சிலவற்றை வீட்டுப் புகைபோக்கியில் பதித்து வைத்துக்கொண்டார்.

1950-ல் அரசாங்கம் பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. உள்ளூரில் மண்டபம் கிடைக்காது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. டிவி, ரேடியோ கதவுகள் மூடின. கடைகளில் ரெக்கார்டு கிடைக்கவில்லை. 1940-களின் கடைசியில் வருஷத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவரின் வருமானம், சில வருஷங்களில் சுமார் 6,000 டாலருக்கு இறங்கியது. உச்சம் என்ன தெரியுமா? 1918-ன் தலைசிறந்த கல்லூரி ஃபுட்பால் அணியை அச்சிட்ட ஒரு புத்தகம், பதினொரு பேர் இருக்கவேண்டிய இடத்தில் பத்துப் பேரைத்தான் போட்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தில்கூட அவர் இருக்கக்கூடாதாம்!

பாஸ்போர்ட் வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்றைப் பாருங்க. வெளிநாட்டில் போய் அமெரிக்கக் கறுப்பர்களின் நிலைமையைப் பற்றிப் பேசுகிறார், அது உள்நாட்டு விவகாரம் என்றது. ஆக, கதவைச் சாத்த ஸ்டாலின் ஒரு காரணம்தான். சாத்திய கதவு, கும்பல் கொலைகளைப் பற்றிப் பேசிய வாயையும் சேர்த்து அடைத்தது.

இனி நம்ம துறைக்காரங்க விரும்பும் பகுதி. 1952-ல், பாஸ்போர்ட் தேவையே இல்லாத கனடாவுக்குள்கூட அவரை விடவில்லை. என்ன செய்தார்? எல்லைக்கோட்டில் இருக்கும் பீஸ் ஆர்ச் பூங்காவில், அமெரிக்கப் பக்கம் ஒரு லாரியை நிறுத்தி அதன்மேல் நின்று பாடினார். ஆயிரக்கணக்கான கனடாக்காரர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். 1956-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தொலைபேசிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரே நேரத்தில் சில டஜன் அழைப்புகள்தான் போகும். அடுத்த வருஷம் மே 26-ல், ரோப்சன் நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அந்தக் கேபிள் வழியாகப் பாட, லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் மண்டபத்தில் கூட்டம் உட்கார்ந்து கேட்டது. அக்டோபரில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அதே வழியில் பாடினார். அவர்கள் பதிலுக்குக் கோரஸாகப் பாடியது அட்லாண்டிக்கைத் தாண்டி அவர் காதில் விழுந்தது. ஆளைத் தடுத்தார்கள், குரல் கேபிளில் போய்விட்டது.

இதுவரை படித்ததில் ரோப்சன் ஹீரோ. இப்போ அடுத்த பக்கம்.

1949 ஜூனில் மாஸ்கோ போனார். இட்சிக் ஃபெஃபர் என்ற யூதக் கவிஞர் அவருக்குப் பழைய நண்பர். பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். ஃபெஃபர் அப்போது சிறையில். உடை மாற்றி ஹோட்டலுக்குக் கூட்டி வந்தார்கள். அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்ததால், வாயால் எதை எதையோ பேசிக்கொண்டே, சைகையாலும் துண்டுக் காகிதத்தாலும் ஃபெஃபர் உண்மையைச் சொன்னார். இன்னொரு நண்பரான நாடகக் கலைஞர் மிகோயெல்ஸைக் கொன்றது ஸ்டாலின் ஆட்கள்தான், தன் கதியும் அதுதான் என்று. இதைப் பல வருஷம் கழித்து வெளியே சொன்னவர் ரோப்சனின் மகன். அடுத்து நடந்த கச்சேரியில் ரோப்சன் அந்த நண்பர்களின் பெயரைச் சொல்லி, வார்சா யூதர்களின் எதிர்ப்புப் பாடலை அவர்கள் மொழியிலேயே பாடினார். அந்த அரங்கில் அதற்கே தைரியம் வேண்டும். ஆனால் அமெரிக்கா திரும்பியதும், சோவியத்தில் யூதர்களுக்கு ஒரு கொடுமையும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஃபெஃபர் 1952 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷக் கடைசியில் ரோப்சனுக்கு ஸ்டாலின் பெயரில் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது. ஏற்றுக்கொண்டார். ஸ்டாலின் இறந்தபோது புகழ்ந்து எழுதினார். 1956-ல் சோவியத் டாங்குகள் ஹங்கேரியில் புகுந்தபோதும் கண்டிக்கவில்லை.

இன்னொண்ணு. 1949 ஜூலையில் நியூயார்க்கில் குடிமக்கள் உரிமைக்காக ஒரு மாநாடு. ட்ராட்ஸ்கியைப் பின்பற்றிய 18 பேர், ஸ்மித் சட்டம் என்ற ஒடுக்குமுறைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் உரிமைக்கும் குரல் கொடுப்போம் என்று ஒரு தீர்மானம் வந்தது. ரோப்சன் எழுந்து எதிர்த்தார். அந்தக் கூட்டத்துக்கு உரிமை கேட்கக்கூடாது என்றார். தீர்மானம் தோற்றது. அடுத்த மாதம் பீக்ஸ்கில். அடுத்த வருஷம் அவர் பாஸ்போர்ட்டே போனது. தனக்குப் பிடிக்காதவன் வாயை மூடினால் பரவாயில்லை என்று சொன்னவர் வாயும் மூடப்பட்டது.

ஆக, ரோப்சனை எதிர்த்தவர்களுக்குக் காரணமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்டாலின் முகாமில் சொந்தக்காரரை இழந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஒருத்தர், இந்தாளு கச்சேரிக்கு டிக்கெட் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவரிடம் போய் நீங்கள் வாதாடுவீங்களா? நான் மாட்டேன். அந்தக் காசு எங்கே போகும் என்ற கேள்வியும் நியாயம்தான். ரோப்சனே தன் கச்சேரி வசூலைத் தான் நம்பிய இயக்கங்களுக்குக் கொடுத்தவர். டிக்கெட் வாங்குவது அரசியல் என்றால் வாங்காததும் அரசியல்.

கான்சாஸ் சிட்டியில் எழுந்து போனவர்களை ஞாபகம் இருக்கா? எழுந்து போனதால் மீதிப் பேர் கேட்பது நிற்கவில்லை. பீக்ஸ்கில்லில் கல் எறிந்தவர்களும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கியவர்களும் தாங்கள் கேட்காமல் இருந்ததோடு விடவில்லை. அடுத்தவன் காதையும் பொத்தினார்கள். ரெண்டுக்கும் நாம ஒரே பேரை வெச்சுக் கூப்பிடுகிறோம், பாய்காட் என்று.

கதையை முடித்துவிடுகிறேன். 1958-ல் அவரோட அறுபதாவது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாட ஒரு குழு அமைந்தது. தலைவர், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. பிரதமர் நேரு வாழ்த்து அறிக்கை விட்டார். அமெரிக்கத் தூதரகம் எவ்வளவோ தடுத்துப் பார்த்தது, நடக்கவில்லை. அந்த ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருத்தைக் காரணம் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் இல்லை என்று வேறொரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஐந்துக்கு நான்கு. மயிரிழையில் தப்பியது. ரோப்சனுக்கும் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1960 நவம்பரில் சிட்னியில், பாதி கட்டிக்கொண்டிருந்த ஓபரா ஹவுஸுக்குப் போய், சாரத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்குப் பாடினார். அந்த உலகப் புகழ்பெற்ற அரங்கில் முதல் கச்சேரி அதுதான்.

ஆனால் எட்டு வருஷ அடைப்பு உள்ளே ஏதோ ஒன்றை உடைத்திருக்க வேண்டும். 1961-ல் மாஸ்கோவில் தற்கொலைக்கு முயன்றார். லண்டனில் மாதக்கணக்கில் மின் அதிர்ச்சி சிகிச்சை. 1963-ல் ஊர் திரும்பி, வெளியே அதிகம் வராமல் வாழ்ந்து, 1976 ஜனவரி 23-ல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். 77 வயது. கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 1995-ல்.

படிச்சு முடிச்சதும் எனக்கு அந்த டிவி ரூம்தான் ஞாபகம் வந்தது. அந்த ஹீரோ பேசியது எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. அந்தப் படத்தை நான் இன்னமும் பார்க்கவில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை. ஆனா அன்னைக்கு நான் செய்திருக்க வேண்டியது, எழுந்து என் ரூமுக்குப் போயிருக்கணும். என்னைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுந்து வந்திருந்தால் சந்தோஷம். மீதிப் பேர் படம் பார்த்திருப்பார்கள். அந்த ஜூனியர் பையனும் பார்த்திருப்பான். மறுநாள் மெஸ்ஸில் அவனோடு உட்கார்ந்து, அந்தாளு பேசினது ஏன் தப்புன்னு சண்டை போட்டிருப்பேன்.

போன வாரம் அவனைப் பார்த்து ஸாரி சொன்னேன். பரவால்லண்ணா, அப்பவே மொபைல்ல பார்த்துட்டேன் என்றான். எப்படி இருந்ததுன்னு கேட்டேன். படம் சுமார்தானாம்.